மணல் இல்லாத கருடன்

எங்கள் பிள்ளையார் கோயிலில், அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் மேசைக்கு மேலே ஒரு படம் தொங்குகிறது. சாம்பல் நிற வானம். நடுவில் கறுப்பாக ஏதோ ஒன்று. உள்ளே வருகிறவர்கள் அதையும் ஒருமுறை கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். முதல் கும்பாபிஷேகத்தன்று கருடன் வந்து வட்டமிட்டபோது எடுத்த படம். எடுத்தவன் நான். யாராவது அதைப் பார்த்துக் கைகூப்பும் ஒவ்வொரு முறையும் எனக்குக் காது சூடாகும். வருடக்கணக்காகக் கலியாணப் படம் எடுக்கிறவன், மண்ணை அள்ளி வானத்தில் எறிந்ததுபோல ஒரு படத்தைச் சட்டம் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

படத்தில் விழும் அந்தப் புள்ளிகளைத் தொழிலில் நொய்ஸ் என்பார்கள். நான் மணல் என்றுதான் சொல்வேன். நிழல் இருக்கும் இடமெல்லாம் சிவப்பும் பச்சையுமாய்ப் பொடிப்பொடியாகக் கிடக்கும். பறவையின் இறகு எது, மணல் எது என்று தெரியாது. நான் கிழமை நாட்களில் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பார்க்கிறேன். சனி ஞாயிறில் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். பாசல் முதல் ஜெனீவா வரை எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் என் அல்பம் இருக்கிறது. அதில் ஒன்றிலும் மணல் கிடையாது. அது என் வாய்ச்சவடால் இல்லை, யாரையும் கேட்டுப் பார்க்கலாம்.

கருடன் விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கும்பாபிஷேகத்தில் ஐயர்மார் ஸ்தூபிக்கு மேலே ஏறி, கும்பத்துத் தண்ணீரைக் கலசத்தில் ஊற்றுவார்கள். அந்த நேரம் வானத்தில் ஒரு கருடன் வந்து சுற்றவேண்டும். சுற்றினால்தான் மேலே இருப்பவர் ஏற்றுக்கொண்டார் என்று சனத்துக்கு மனம் ஆறும். ஊரில் அது வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக இருக்கும். சுவிஸில் அந்தச் சாதி இல்லை. இங்கே இருப்பது ரோட்மிலான் என்று சுவிஸ்காரர் சொல்லும் பருந்து. நிறம் கிட்டத்தட்டப் பொருந்தும், வால் மட்டும் மீன்வால் மாதிரிப் பிளந்திருக்கும். இதைக் கருடன் என்று எடுக்கலாமோ என்று கோயிலில் ஒருமுறை பெரிய வாக்குவாதமே நடந்தது. “நாங்களே அகதியாய் வந்தனாங்கள், கருடனிட்ட என்னத்துக்கு வாலைப் பாக்கிறியள்?” என்று யாரோ கேட்டதோடு அது முடிந்தது.

இதில் என் மனைவிக்கு ஒரு பெரிய குறை. அவள் ஒரு கருடனையும் கண்டதில்லை. கோயில் இருப்பது தொழிற்பேட்டையில், முன்பு பண்டகசாலையாக இருந்த கட்டடத்தில். அன்னதானக் குசினி நிலத்துக்குக் கீழே. அந்தக் குசினிக்கு அவள்தான் பொறுப்பு. வேலை செய்வதும் முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் என்பதால், பெரிய கிடாரங்களைக் கண்டு அவள் பயப்படுவதில்லை. ஆனால் காஸ் அடுப்பு எரியும்போது கையெழுத்து வைத்த பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது இங்கத்தைத் தீயணைப்பு ஆட்களின் சட்டம். விழா எதுவானாலும், தண்ணீர் ஊற்றும் நேரமும் பாயாசம் இறக்கும் நேரமும் ஒன்றாகவே வரும். மேலே சனம் அண்ணாந்து பார்த்து அரோகரா சொல்ல, கீழே அவள் கிண்டிக்கொண்டு நிற்பாள்.

“ரோட்டு நெடுக உந்தப் பருந்துதானே பறக்குது, பாரும்” என்று நான் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

“பஸ்ஸில போகேக்க காணுறது பருந்து. கலசத்தில தண்ணி ஊத்தேக்க வந்தாத்தான் கருடன். உங்களுக்கு உது விளங்காது.”

அந்த முதல் கும்பாபிஷேகத்தில், “எனக்கு ஏலாது, நீங்கள் எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்கினாள். நான் காட்டியது அந்த மணல் படத்தை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கமராவின் சின்னக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “எங்க?” என்று கேட்டாள். நான் கறுப்பைத் தொட்டுக் காட்டினேன். “ஓ” என்றாள். பிறகு அதற்கும் கைகூப்பினாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், அந்தக் கைகூப்பலைத்தான் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, கோயிலைத் திருத்தி இரண்டாவது கும்பாபிஷேகம் ஜூனில் என்று அறிவித்தார்கள். அறிவித்தல் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் இந்தமுறையும் கீழதான் நிப்பன். இந்தமுறையாவது கண்ணும் மூக்கும் தெரிய எடுங்கோ.”

அப்போது மாசி மாதம். நாலு மாதம் இருந்தது. நான் ஒரு நீட்டு லென்ஸ் வாங்கினேன், முழங்கை அளவு நீளம். தொழில் தெரிந்தவன், லென்ஸும் வந்துவிட்டது, இனி என்ன என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நொஷாட்டல் ஏரிக்கரைக்குப் போய், பாண் துண்டுக்குப் பறந்து வரும் கடற்பறவைகளை எடுக்கத் தொடங்கினேன். கலியாண வீட்டுப் பழக்கத்தில் பிளாஷையும் பூட்டியிருந்தேன். ஒரு பறவையின் முகத்துக்கு நேரே அது மின்னியதும், நாய் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண் பிரெஞ்சில் எனக்கு ஏதோ சொன்னார். சொல் விளங்கவில்லை, பொருள் நன்றாக விளங்கியது. பிளாஷைக் கழற்றிப் பையில் போட்டேன்.

அன்று எடுத்தது நானூறு படம். வீட்டில் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தால் பாதியில் பறவையே இல்லை. மீதியில் வால் மட்டும். காரணம் பிறகுதான் பிடிபட்டது. கலியாண வீட்டில் என் கமரா ஒருமுறை குறிபார்த்துவிட்டு அப்படியே நிற்கும். மணமக்கள் ஓடமாட்டார்கள், “இஞ்ச பாருங்கோ, கொஞ்சம் சிரியுங்கோ” என்றால் கேட்பார்கள். பறவைக்கு அந்த மரியாதை தெரியாது. குறியை விடாமல் பின்தொடரும்படி கமராவை மாற்றவேண்டும். ஷட்டர் வேகமும் அப்படித்தான். மணவறைக்கு நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு செக்கன் போதும், செட்டை அடிக்கும் பறவைக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். இதையெல்லாம் மாற்றினேன். பறவை சட்டத்துக்குள் வந்தது. ஆனால் மணலும் கூடவே வந்தது, முன்பைவிட அதிகமாக.

லென்ஸைத் திட்டினேன். சுவிஸ் வானத்தைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கூடம் அந்த மாதம் முழுக்கக் கோணலாகவே இருந்தது. மனைவி ஒவ்வொரு ஞாயிறும் எனக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றி, இரண்டு ரோல்ஸும் கட்டித் தந்தாள்.

சித்திரையில் ஒருநாள் பின்னேரம், ஆரே ஆற்றுக்குப் பக்கத்துப் புல்வெளியில் நின்று பருந்துக்குக் குறிவைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தள்ளி என்னைவிடச் சின்ன லென்ஸோடு ஒருவர் நின்றார். எங்கேயோ கண்ட முகம். அவர்தான் முதலில் சிரித்தார். எங்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரர்! காலையில் மஞ்சள் மூன்று சில்லு வண்டியில் வீடு வீடாகப் போகிறவர், பின்னேரம் பறவைகளுக்குப் பின்னால் திரிகிறவர். என்னை அவருக்கு என் பதிவுத் தபால்களால் தெரியும். அவர் சுவிஸ் ஜெர்மனில் கதைத்ததை இங்கே தமிழில் சொல்கிறேன்.

என் கமராவின் கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டு, “ஐ.எஸ்.ஓ. ஏன் நானூறில் நிற்கிறது?” என்று கேட்டார். ஐ.எஸ்.ஓ. என்பது கமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டவேண்டும் என்று வைக்கும் இலக்கம்.

“கூட்டினால் மணல் வரும்” என்றேன், பாடம் சொல்லிக்கொடுக்கும் தோரணையில்.

“சரி. படம் கறுப்பாக வருமே?”

“வரட்டும். கொம்பியூட்டரில் வெளுத்துவிடுவேன்.”

அவர் என்னை ஒரு விசித்திரப் பிறவியைப் போலப் பார்த்தார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? எங்கள் ஆட்களின் கலியாணத்தில் பெண்ணின் தாயார் அல்பத்தைத் திறந்ததும் சொல்லும் முதல் வசனம், “பிள்ளையைக் கறுப்பாக்கிப்போட்டார்” என்பதுதான். அதனால் எனக்கு வருடக்கணக்காக ஒரே வழக்கம்: சும்மா எடு, பிறகு கொம்பியூட்டரில் முகத்தையெல்லாம் வெளுத்து விடு. பிளாஷ் போட்டு எடுத்த படம் எவ்வளவு வெளுத்தாலும் தாங்கும். நான் அதே வைத்தியத்தைப் பருந்துக்கும் செய்துகொண்டிருந்தேன். வெளிச்சமான வானத்தைக் கண்டு கமரா பயந்து படத்தை இருட்டாக்கும். பருந்தின் வயிற்றுப்பக்கம் நிழலில் கரிக்கட்டையாக வரும். நான் வீட்டுக்குப் போய் அந்தக் கரிக்கட்டையை மணப்பெண் மாதிரி வெளுப்பேன். இல்லாத வெளிச்சத்தை இழுத்தால் அதற்குள் இருந்து மணல்தான் வரும்.

தபால்காரர் அதை வாயால் விளக்கவில்லை. ஒரே பருந்தை இரண்டு விதமாக எடுக்கச் சொன்னார். ஒன்று என் முறைப்படி நானூறில். மற்றது ஐ.எஸ்.ஓ.வைக் கமராவே பார்த்து ஏற்றும்படி விட்டு, வானத்துக்காக வெளிச்சத்தை ஒரு படிக்கு மேலே கூட்டி. அது ஆயிரத்து அறுநூறு வரை போனது. என் வாழ்நாளில் நான் அந்த இலக்கத்தைத் தொட்டதில்லை. வீட்டுக்குப் போய் இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். என்னுடையதை வெளுத்தபோது கடற்கரை. மற்றதில் வானம் கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனால் பருந்தின் வயிற்றில் ஒவ்வொரு இறகும் எண்ணக்கூடியதாக இருந்தது. நான் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இது கருடனில்லை, பருந்து” என்றாள். “ஆனா வடிவாய்க் கிடக்கு.”

அதற்குப் பிறகு நானும் தபால்காரரும் பின்னேரங்களில் அடிக்கடி சந்தித்தோம். நான் ரோல்ஸ் கொடுத்தேன், அவர் தனக்குத் தெரிந்ததைக் கொடுத்தார். பருந்து செட்டை அடிக்காமல் மிதக்கும்போது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தேவையில்லை, ஆயிரத்து இருநூற்றைம்பதே போதும். வேகத்தைத் தேவைக்கு மேலே ஏற்றினால் ஐ.எஸ்.ஓ.வும் சும்மா கூடும். லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து வை. வெயில் உன் முதுகில் விழட்டும். எல்லாவற்றிலும் பெரியது இதுதான்: பறவை கிட்ட வரும்வரை பொறு. தூரத்துப் பறவையை எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிப் பெரிதாக்கினால் மணலையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறாய். இதைக் கேட்டதும் என் முதல் படம் ஏன் அப்படி வந்தது என்று முழுதாக விளங்கிவிட்டது. தூரம், இருட்டு, வெட்டு, வெளுப்பு. நான் ஒரு பிழையையும் மிச்சம் வைக்கவில்லை.

கிட்டப் போவதென்றால் கூரைக்கு ஏறவேண்டும். கூரையில் ஐயர்மாருக்கு மட்டும்தான் இடம். கோயில் தலைவரிடம் போய்க் கேட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல மனிசன், ஆனால் எதற்கும் முதலில் ஏலாது என்றுதான் சொல்வார்.

“தம்பி, உம்மட பழைய படம் நல்லாத்தானே இருக்கு. சனம் கும்பிடுது.”

“அண்ணை, அது படமில்லை, மணல். இந்தமுறை கும்பாபிஷேக மலர்ப் புத்தகத்துக்கு முன்னட்டைப் படம் தாறன். இறகு எண்ணலாம்.”

முன்னட்டை என்றதும் இறங்கி வந்தார். கூரையில் காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில், வேட்டியோடு, வாய் திறக்காமல் நிற்பதென்ற நிபந்தனையில் ஒரு மூலை கிடைத்தது.

அந்த நாள் வந்தது. விடிய வெள்ளனவே மனைவி கிடாரத்தோடு கீழே இறங்கிவிட்டாள். படியில் நின்று, “இறகு தெரியவேணும்” என்று மட்டும் சொன்னாள். நான் மேலே ஏறினேன். நல்ல வெயில், முதுகுப் பக்கம். தவிலும் நாதஸ்வரமும் முழங்க, கார் நிறுத்துமிடம் முழுக்கச் சனம். எங்களுக்கு அதுதான் கோயில் வீதி. ஐயர்மார் கும்பத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறும் நேரம் பார்த்து, பக்கத்து வயலில் விவசாயி டிராக்டரைக் கொண்டுவந்து புல் வெட்டத் தொடங்கினார். தலைவர் கீழே நின்று இரண்டு கையையும் விரித்தார். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். தபால்காரர் சொல்லியிருக்கிறார்: புல் வெட்டினால் எலி ஓடும், எலி ஓடினால் பருந்து வரும்.

வந்தது. ஊற்றுகிற தண்ணீர் வெயிலில் மின்ன, வயல் பக்கமிருந்து தாழ்வாக, செட்டை அடிக்காமல், நேரே ஸ்தூபியை நோக்கி. கீழே ஆயிரம் வாய் ஒரே குரலில் அரோகரா என்றது. ஆயிரத்து இருநூற்றைம்பது, துவாரம் முழுதாக, வெளிச்சம் ஒரு படியும் கொஞ்சமும் மேலே, ஐ.எஸ்.ஓ. தானாக அறுநூற்றி நாற்பதில் நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினேன். கலசத்துக்கு மேலே அது திரும்பியபோது சட்டம் முழுதும் பறவையாகவே இருந்தது. எடுத்ததைக் கமராக் கண்ணாடியில் பார்த்தேன்: கூர்மை. மணல் ஒரு பொட்டும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிபந்தனையை மறந்து நானும் கத்திவிட்டேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே குசினிக்கு ஓடினேன். மனைவி பாயாசக் கிடாரத்துக்குப் பக்கத்தில், ஒரு கையில் அகப்பையும் மறு கையில் பேப்பர்க் கோப்பையில் கொஞ்சச் சோறுமாய் நின்றாள். விடியற்காலையிலிருந்து அப்போதுதான் வாயில் வைக்கிறாள். கமராவை நீட்டினேன். கோப்பையை வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது என்பதை ஏன் மறைக்கவேண்டும்?

பிறகு அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

“இஞ்சேருங்கோ, காலில என்ன தொங்குது?”

“எங்க?”

“உதில. வால் மாதிரி.”

வால் மாதிரி இல்லை, வாலேதான். கருடன் ஒரு காலை அலகுக்கு நேரே தூக்கியிருந்தது. நகங்களுக்குள் ஒரு எலி. மணல் துளியும் இல்லாததால் எலியின் மீசைகூடத் தெரிந்தது. பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்தில், கலசத்துக்கு நேர் மேலே, பிள்ளையாருடைய வாகனத்தைக் கருடன் தின்றுகொண்டிருந்தது! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததென்று சொல்வார்கள். நான் கருடன் பிடிக்கப் போய் எலியில் முடிந்தவன்.

அவள் முதலில் வாயைப் பொத்தினாள், பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் படத்தை இன்னொருதரம் பார்த்தாள்.

“பாவம், இருந்து தின்ன நேரமில்லை அதுக்கு. பறந்து பறந்து தின்னுது.” கோப்பைச் சோற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். “எத்தினை தரம் சுத்தினது?”

நான் யோசித்தேன். தெரியவில்லை.

“வலமாய்ச் சுத்தினதோ, இடமாயோ?”

அதுவும் தெரியவில்லை. கமராவுக்குள் இருந்த சின்னச் சதுரத்தையும் இலக்கங்களையும்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்ப நீங்களும் பாக்கேல்லை” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நின்றபடியே சோற்றை வாயில் போட்டுக்கொண்டு, அகப்பையைத் திரும்பப் பிடித்தாள்.

நான் சுவரைப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே தீயணைப்பு ஆட்களின் தாள் ஒட்டியிருந்தது. பொறுப்பாளர் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து. அதற்குக் கீழே பதிலாள் என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஒன்றும் இல்லை. கடதாசி பழுத்துப்போயிருந்தது, பன்னிரண்டு வருடமாக அது அப்படியே கிடந்திருக்கிறது. நான் நாலு மாதம் ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் நின்று, இறகு எண்ணுகிற படம் எடுக்கப் படித்தேன், அவளுக்குக் காட்டுவதற்காக. அந்தக் கோட்டில் ஒரு கையெழுத்து வைத்து, பத்து நிமிடம் அகப்பையைப் பிடித்திருந்தால் அவள் படியேறிப் போய்த் தானே பார்த்திருப்பாள். இது என் புத்திக்கு எட்டவேயில்லை. என் மீது எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

முழுதாகக் கோபப்படவும் நேரம் கிடைக்கவில்லை. தலைவர் முன்னட்டைப் படம் கேட்டு வந்துவிட்டார். பார்த்தார், மலர்ந்தார், கண்ணாடியை இறக்கி இன்னொருதரம் பார்த்தார், முகம் சுண்டிப்போனது.

“தம்பி, இது எலியெல்லோ!”

“ஓம் அண்ணை.”

“இதை எப்பிடி முன்னட்டையில போடுறது? ஊர் சிரிக்கும்.” என் காதுக்குக் கிட்ட வந்தார். “கொஞ்சம் மங்கலாக்கேலாதோ? உம்மட பழைய படத்தில கிடந்தமாதிரிக் கொஞ்சப் புள்ளி கிள்ளி போட்டு?”

மணலை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது அதைத் திரும்ப அள்ளிப் போடச் சொல்கிறார்! நான் ஏதோ சூடாகச் சொல்ல வாயைத் திறக்க, மனைவி கிடாரத்துப் பக்கமிருந்து கேட்டாள்:

“அண்ணை, பிள்ளையாற்ற வாகனம் நடந்து வந்தா நேரத்துக்கு வந்து சேருமோ?”

“என்ன பிள்ளை சொல்லுறீர்?”

“தண்ணி ஊத்துற நேரத்துக்கு வாகனம் நிக்கவேணுமெல்லோ. அதுதான் கருடன் தூக்கிக்கொண்டு வந்து விட்டது. இதைவிட என்ன விசேசம் வேணும்?”

தலைவர் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் வெளிச்சம் கூடியது. மலர் அந்தப் படத்தோடும் ஏறக்குறைய அந்த வசனத்தோடும் வந்தது. பிறகு ஒருநாள் சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸப் பக்கத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்க நின்றபோது, கருடன் எலியைப் பூப்போல இறக்கிவிட்டுப் போனதைத் தன் கண்ணால் கண்டதாக ஒருவர் எனக்கே சொன்னார். நான் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்றேன். அந்த எலியின் கதி எனக்கும் மனைவிக்கும் கருடனுக்கும் மட்டும்தான் தெரியும்.

கும்பாபிஷேகம் முடிந்து அடுத்த சனிக்கிழமையே, பதிலாள் ஆவதற்குத் தீயணைப்பு ஆட்கள் வைக்கும் அரைநாள் வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு ஒரு பிறந்தநாள் விழாப் படம் இருந்தது, வேறொருவரிடம் தள்ளிவிட்டேன். போர்வையால் எப்படி நெருப்பை மூடுவது, காஸை எந்தப் பக்கம் திருகி அடைப்பது என்று காட்டினார்கள். கடைசியில் ஒரு அத்தாட்சித் தாள் தந்தார்கள். அதைக் கொண்டுபோய்க் குசினிச் சுவரில் இருந்த கோட்டில் கையெழுத்து வைத்தேன். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“உங்களுக்குப் பாயாசம் கிண்டத் தெரியுமோ?” என்றாள்.

“படிக்கிறன்” என்றேன்.

மண்டலாபிஷேகம் கும்பாபிஷேகத்திலிருந்து நாற்பத்தெட்டாம் நாள். அது வேலை நாளில் வந்ததால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார்கள். சுவிஸில் பிள்ளையாரும் லீவு பார்த்துத்தான் குளிப்பார். அன்று சங்காபிஷேகம், கும்பத்தோடு சனம் வீதி சுற்றி வரும். தண்ணீர் இருக்கிறது, கும்பம் இருக்கிறது, அதனால் வருவது கருடன்தான் என்று மனைவி ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தாள். பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு கண்ணாடியையும் போட்டுக்கொண்டாள். படியில் நாலு தரம் திரும்பி நின்று, சவ்வரிசி அடிப்பிடிக்கும் என்று சொன்னாள். கமராவை நான் கொண்டுபோகவில்லை.

கிண்டினேன். கை உளைந்தது, நெற்றியால் வேர்வை ஓடியது. மேலே தவில் ஓங்கியது. அதற்குப் பிறகு, ஒரு குரலில் தொடங்கி எல்லாக் குரலுமாய், அரோகரா. என் கால் தானாகப் படிப்பக்கம் ஓரடி நகர்ந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து கிண்டினேன். நீண்ட நேரம் அந்தச் சத்தம் ஓயவில்லை. குசினிக்குள் ஒரு யன்னலும் இல்லை, பாயாசத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. இத்தனை வருடமும் அவள் இதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

வெகுநேரம் கழித்துப் படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

“வலமாய்த்தான் சுத்தினது. ஏழுதரம், எண்ணினனான்.”

“காலில ஏதும் இருந்ததோ?”

“நான் காலைப் பாக்கேல்லை” என்றாள். பிறகு, “கழுத்து நோகுது” என்றாள். ஒரு நோவை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன், இருந்தாள். பாயாசம் கொஞ்சம் அடிப்பிடித்துத்தான் இருந்தது. முதல் கிண்ணத்தை அவளுக்குக் கொடுத்தேன்.